குழியில் ஊற்று வந்துவிட்டது: இறைத்துக் கட்டுவதா, நிறுத்தி வைப்பதா, உயர்த்துவதா?

பின்வளவில் நீச்சல் தடாகத்துக்குக் குழி வெட்டுகிறார்கள். மூன்றடி வரை சிவந்த மண், அதற்குக் கீழே மஞ்சள் கலந்த களி. நாலரை அடியில் பெக்கோவின் வாளி ஈரமாக மேலே வருகிறது. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் குழியின் மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர். காசு அனுப்பும் மகன் வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, "இனி என்னப்பா செய்யிறது?" என்று கேட்கிறான். கொந்தராத்துக்காரரிடம் பதில் தயாராக இருக்கிறது: "ஐயா, ரெண்டு இஞ்சி மோட்டர் ஒண்டு போட்டு இறைச்சாக் காணும். நாளைக்கே கம்பி கட்டலாம்."

இறைக்கலாம்தான். ஆனால் அது நாலு தெரிவுகளில் ஒன்று மட்டுமே. வன்னியில் பெரும்பாலான காணிகளுக்கு ஆகக் கடைசியாக எடுக்கவேண்டியதும் அதுதான். மற்ற மூன்று: கோடை முற்றும்வரை வேலையை நிறுத்தி வைப்பது, ஆழத்தைக் குறைத்துத் தடாகத்தின் பாதியை நிலத்துக்கு மேலே தூக்குவது, கொங்கிறீற்றை விட்டு வேறு வகைத் தடாகத்துக்கு மாறுவது. என் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறேன். கிணற்றில் மாரித் தண்ணீர் நிலத்திலிருந்து மூன்றடிக்குள் வருகிற காணி என்றால் உயர்த்திக் கட்டுங்கள். ரூபாய்க் கணக்கு இதில் எழுதவில்லை. கம்பியும் சீமெந்தும் மாதத்துக்கு ஒரு விலை விற்கும் நாட்டில் இன்று எழுதும் தொகை நாளைக்கு உதவாது. தொன் கணக்கு மாறாது, அதை எழுதுகிறேன்.

வெளியே நிற்கும் தண்ணீர்

தடாகம் கட்டுகிறவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறார்கள். வன்னி மாரியில் பயப்படவேண்டியது வெளியே நிற்கும் தண்ணீருக்கு. வெறுங்குடம் கிணற்றில் மிதப்பதுபோல வெறும் தடாகமும் மிதக்கும்.

ஒரு சாதாரண வீட்டுத் தடாகத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளளவு 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 1.4 மீற்றர் ஆழம். அடிக்கணக்கில் 26க்கு 13, ஆழம் நாலரை. தளமும் சுவரும் 20 சென்ரிமீற்றர், அதாவது எட்டு அங்குலத் தடிப்பு. இதற்கு ஏறத்தாழ 14 கனமீற்றர் கொங்கிறீற் போகும். மேசன் கணக்கில் 5 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி). சீமெந்து ஒன்றுக்கு மணல் ஒன்றரை, சல்லி மூன்று என்ற கலவையில் 115 பை சீமெந்து அளவில் முடியும். எல்லாம் சேர்த்து எடை 34 தொன்.

இது அமர்ந்திருக்கும் பரப்பு, சுவரின் வெளிப்புறம்வரை அளந்தால், 37 சதுர மீற்றர். தளத்தின் அடியிலிருந்து நிலத்தடி நீர் ஒரு மீற்றர் எழும்பினால் மேலே தள்ளும் விசை 37 தொன். தடாகமோ 34 தொன். தளத்தின் அடி நிலமட்டத்திலிருந்து 1.6 மீற்றர் கீழே இருப்பதால், வெளித்தண்ணீர் நிலத்திலிருந்து இரண்டடி கீழே வந்து நின்றாலே வெறும் தடாகம் கிளம்பத் தயாராகிவிடும். பக்கத்து மண்ணின் பிடி கொஞ்சம் தடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்த மண் ஊறிக் குழைந்திருக்கும் நாளில் அந்தப் பிடியை நம்பி யாரும் கணக்குப் போடுவதில்லை.

கிளம்பும்போது ஒரே சீராகவும் எழும்பாது. ஒரு மூலை இரண்டங்குலம் தூக்கும். வடிகால் பைப் முறியும், தளம் குறுக்கே வெடிக்கும். மாரி கழிந்து தண்ணீர் வடிந்த பிறகும் பழைய இடத்தில் போய் உட்காராது. அடியில் சேறு புகுந்திருக்கும். அதற்குப் பிறகு அதை உடைத்து அள்ளுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

சராசரி மாரியை வைத்து இதற்குக் கணக்குப் போடக்கூடாது. 2018 டிசம்பர் 21, 22இல் பெய்த மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வளவுகளில் தண்ணீர் ஏறியது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு மாரி வரும், அந்த நேரம் தடாகம் வெறுமையாக இருக்கும் என்று வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

உங்கள் காணியில் நீர் எவ்வளவு எழும்பும் என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. வீட்டுக் கிணற்றுக்குள், அது இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள், வெயில் விழும் நேரமாகப் பார்த்து எட்டிப் பாருங்கள். கட்டின் உட்புறம் கீழே கரும்பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். ஓரிடத்தில் அந்த நிறம் முடிந்து, அதற்கு மேல் சீமெந்து வெளிறித் தெரியும். மாரித் தண்ணீர் வழமையாக நின்று போகும் மட்டம் அதுதான். நிலமட்டத்திலிருந்து அந்தக் கறைவரை ரேப் பிடித்து அளந்து, அதிலிருந்து ஓரடியைக் கழித்துவிடுங்கள். மிஞ்சுவது உங்கள் கணக்குக்குரிய எண்.

வாய்க்கால் ஓடும் பக்கத்தில் இதோடு இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரணைமடு, அக்கராயன், வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களுக்குக் கீழே சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தால் ஆனி, ஆடியிலும் கிணறு ஏறும். கோடை தானே என்று நம்பி வெட்ட இறங்கியவர் குழிக்குள் வயல் தண்ணீரைச் சந்திப்பது அதனால்தான். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று கமக்காரர் அமைப்பில் கேட்டால் சொல்வார்கள்.

மோட்டர் போட்டு இறைத்தால்

குழியின் நடுவில் குழாயைப் போட்டு இறைக்கும்போது, தண்ணீர் கொங்கிறீற் போடவேண்டிய இடத்தின் ஊடாகவே ஓடிவந்து மோட்டருக்குப் போகிறது. வரும் வழியில் நுண்மணலையும் களியையும் அள்ளிக்கொண்டு வரும். மோட்டர் கலங்கலாகத் துப்பினால் தடாகத்தின் அடிமண்தான் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இறைப்பதென்றால் குழிக்கு வெளியே ஒரு மூலையில், தளத்தைவிட இரண்டு மூன்றடி ஆழமாகக் கிணற்று வளையம் இறக்கி, சுற்றிவரச் சல்லிக்கல் நிரப்பி, அதிலிருந்து இறைக்க வேண்டும். அப்போது தெளிந்த தண்ணீர் வரும், குழியும் காயும்.

இறைப்பை நிறுத்தும் நேரம்தான் கண்டம். சுவர் எழும்பாமல் தளம் மட்டும் கிடக்கும் நாட்களில் அதைத் தூக்க ஒன்றரை அடித் தண்ணீரே போதும். ஆகவே தளம் போட்ட நாளிலிருந்து சுவர் கட்டி உள்ளே தண்ணீர் விடும்வரை, இரவு பகல் மோட்டர் ஓடவேண்டும். கரண்ட் நின்றால் மாற்றுக்கு எண்ணெய் மோட்டர் ஒன்று, அதை இரவு இரண்டு மணிக்கு எழும்பி இழுத்து ஸ்ராட் பண்ண ஓர் ஆள். இந்தச் செலவைக் கொந்தராத்துக்காரர் முதல் நாள் சொல்லமாட்டார். அயலவர் கிணறும் இறங்கும். கோடை நடுவில் பக்கத்து வீட்டுக் கிணற்றை வற்றவைத்துவிட்டு, பிறகு அவர்களையே தடாகத்துக்குக் குளிக்கக் கூப்பிடுவது எப்படி?

மண் இறுக்கமானது, ஊற்று மெல்லியது, மழைக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது, நாலரை அடி ஆழமும் நிலத்துக்குள்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் இருக்கிறது என்றால் இறைத்துக் கட்டலாம். வேலை முடிந்ததும் அந்தக் கிணற்று வளையத்தை மூடிவிடாதீர்கள். மூடி போட்டு வையுங்கள். எந்த மாரியிலும் அதைத் திறந்து பார்த்தால் தடாகத்துக்கு வெளியே தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும்; கூடினால் அதிலிருந்தே இறைக்கவும் முடியும்.

தளத்தின் வடிகாலில் நீரழுத்த வால்வு ஒன்று வைப்பதும் வழக்கம். வெளியே அழுத்தம் கூடும்போது அது திறந்து நிலத்தடி நீரைத் தடாகத்துக்குள் விட்டுவிடும். வையுங்கள், மலிவான காப்பு. ஆனால் ஒரு மணற்கல் சிக்கினாலே அது திறக்காமல், அல்லது மூடாமல் போகும். 34 தொன்னை அதன் கையில் மட்டும் ஒப்படைக்க முடியாது.

பொறுத்திருந்தால்

நிறுத்தி வைப்பது செலவில்லாத வழிபோலத் தெரியும். கார்த்திகையில் வெட்டிய குழி என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் திறந்த குழியோடு நிறுத்துவது ஒன்று, மூடிவிட்டு நிறுத்துவது இன்னொன்று. திறந்து கிடந்தால் ஓரங்கள் சரிந்து குழி அகலும். தெருவில் போகும் மாடு விழும், பிள்ளை விழும். தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கு வைக்கலாம். கட்டி முடியாத தடாகக் குழி அதற்கு நல்ல சாட்சி. மாரி முழுதும் நிற்கப்போகிற வேலை என்றால் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடிவிடுவதுதான் சரி. பெக்கோவுக்கு இரண்டாம் முறை வாடகை கொடுக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

பொறுத்தாலும் கோடையில் காலம் தாராளமாகக் கிடக்கிறது என்று நினைக்கக்கூடாது. ஆனியில் வெட்டி ஆடிக்குள் தளமும் சுவரும் போட்டால், ஆவணி முழுதும் கொங்கிறீற் முற்றும். புரட்டாசியில் தண்ணீர் விட்டுச் சோதிக்கலாம். ஐப்பசி மழை விழும்போது தடாகம் வெறுமையாக இருக்கக்கூடாது. ஆவணியில் தொடங்குகிறவர் இந்தக் கணக்கில் ஏற்கனவே பிந்திவிட்டார். அவருக்கு அடுத்த வருடம்தான்.

இதற்குள் வன்னிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தடாகத்தை நிரப்பவேண்டிய புரட்டாசியில்தான் கிணறுகள் அடிமட்டத்தில் கிடக்கும். நமது தடாகம் 45,000 லீற்றர் பிடிக்கும். பத்தாயிரம் லீற்றர் பவுசர் நாலரை தடவை வரவேண்டும், அதுவும் குடிதண்ணிக்கே பவுசரைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில். மழை வந்து நிரப்பட்டும் என்று விடமுடியாது. வன்னியில் ஒரு வருடம் முழுதும் பெய்வது ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றர் மழை. தடாகத்தின் ஆழமோ 1.4 மீற்றர். உள்ளே நிரம்ப முன்னம் வெளியே நிலத்தடி நீர் எழும்பிவிடும். நல்லகாலமாக முழுதும் நிரப்பவேண்டியதில்லை. பாதி நிரப்பினால் 22 தொன் சேரும், மொத்தம் 56. தண்ணீர் நிலமட்டத்தைத் தொடும் கொடிய மாரியிலும் மேலே தள்ளுவது 59 தொன்தான். அந்த மூன்று தொன் குறையை மூடப் பாதிக்குமேல் ஓரடி கூடுதலாக விட்டுவைத்தால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

கோடைக் கொங்கிறீற்றுக்குச் சோளகக் காற்று எதிரி. ஆடி வெயிலில் அந்தக் காற்றும் சேர்ந்து அடித்தால், போட்ட இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் தளத்தின் மேல் வலைபோட்டதுபோல வெடிப்புகள் ஓடும். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏற முன்னம் முடியுங்கள். சுவருக்கு நனைந்த சாக்கு. தளத்தைச் சுற்றி மண்ணால் வரம்பு கட்டி இரண்டங்குலத் தண்ணீரை ஒரு கிழமையாவது தேக்கி வையுங்கள். வயல் செய்கிற ஊரில் இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

உயர்த்திக் கட்டினால்

அதே தடாகம், அதே 34 தொன். இரண்டடி மட்டும் நிலத்துக்குள்ளே. மிச்சம், இரண்டரை அடிக்குச் சற்று மேலாக, வெளியே. தளத்தின் அடி இப்போது நிலமட்டத்திலிருந்து 0.8 மீற்றர்தான் கீழே. மாரித் தண்ணீர் நிலத்தின் மேற்பரப்பு வரை வந்து நின்றாலும் மேலே தள்ளுவது 30 தொன். வெறும் தடாகமாகக் கிடந்தாலும் அசையாது. இறைப்பு இல்லை, இரவுக் காவல் இல்லை. மாசியில் தண்ணீர் இறங்கத் தொடங்கும்போதே வேலையையும் தொடங்கலாம், கோடைக் கடைசிவரை கை தாராளம். ஏற்கனவே நாலரை அடிக்கு வெட்டிவிட்டீர்கள் என்றால் மிச்சத்தைக் கிறவல் போட்டு, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்கி மேலே கொண்டுவாருங்கள். தோண்டிய களியையே திரும்பப் போட்டு நிரப்பவேண்டாம், அது அமரும்.

இந்தத் தெரிவில் காசு போவது சுவருக்கு. நிலத்துக்குள் இருக்கும் சுவருக்கு மண் முண்டு கொடுக்கும். வெளியே நிற்கும் சுவர் தனியே தாங்க வேண்டும். 1.4 மீற்றர் ஆழத் தண்ணீர் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் ஏறத்தாழ ஒரு தொன் விசையோடு வெளியே தள்ளுகிறது. நீளச் சுவர் ஒன்றுக்கு எட்டுத் தொன். தண்ணீர் வெளியே தள்ளும்போது சுவரின் உட்புறம் இழுபடும். வெறுமையாக இருக்கும்போது மண் உள்ளே தள்ள, நிலத்துக்குள் இருக்கும் பகுதியின் வெளிப்புறம் இழுபடும். ஆகவே கம்பி இரண்டு பக்கமும் வேண்டும். மதில் கட்டிப் பழகிய மேசன் சுவரின் நடுவில் ஒரே ஒரு கம்பி வலையைக் கட்டுவார். பலகை அடிக்க முன்னம் நேரே போய்ப் பாருங்கள். இரண்டு வலை தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பலகைக்கும் இடையில் ஒன்றரை அங்குலக் கவர் புளொக் (கம்பியைப் பலகையிலிருந்து விலக்கிப் பிடிக்கும் சிறு கட்டி) இருக்க வேண்டும். தளத்திலிருந்து சுவருக்கு வளைந்து ஏறும் கம்பி தளத்துக்குள் நன்றாக நீண்டிருக்க வேண்டும். ஒரே வலை என்றால் அன்றைய கொங்கிறீற்றை நிறுத்துங்கள், யார் முகம் கோணினாலும். கம்பியின் விட்டமும் இடைவெளியும் ஓர் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட பிளானில் இருக்கட்டும். பிரதேச சபைக்கும் அது தேவைப்படும்.

இதற்கு எதிராக வீட்டுக்காரர் சொல்லும் ஒரே குறை அழகு. ஹோட்டலில் பார்த்ததுபோல நிலத்தோடு நிலமாக, நீலமாக இருக்கவேண்டும் என்ற ஆசை. எனக்கு அந்த ஆசை விளங்குகிறது, ஆனால் வன்னி வளவுக்கு அது பொருந்தாது. கார்த்திகை மழையில் முற்றத்துச் செம்மண் கரைந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நிலமட்டத்தில் வாய் திறந்து கிடக்கும் தடாகத்துக்குள் என்ன போகும் என்று. இரண்டரை அடிச் சுவர் சேற்றையும் மாட்டையும் பாம்பையும் மறிக்கும். தவழும் பிள்ளைக்கும் அது ஒரு மறிப்பு. ஓடித்திரிகிற பிள்ளை ஏறிவிடும், எனவே வேலியும் பூட்டும் இருந்தே ஆகவேண்டும். தோண்டிய மண்ணை ஒரு பக்கம் அணைத்துத் திண்ணையாக்கிவிட்டால் பெரியவர்கள் அதில் குந்தியிருந்து கதைப்பார்கள். "வாய்க்கால் ஓடேக்க இதென்னத்துக்குத் தம்பி?" என்று கேட்ட பெரியப்பாவும் அங்கேதான் வந்து இருப்பார்.

வகையை மாற்றினால்

புளொக்கல் சுவர் கட்டிப் பூசிவிடலாம் என்று மேசன்மார் சொல்வதற்குக் காரணம், அவர்கள் கட்டிய தண்ணீர்த் தொட்டிகள் ஒழுகாமல் நிற்பது. நாலடிக்கு நாலடித் தொட்டியின் சுவரும் எட்டு மீற்றர் நீளச் சுவரும் ஒன்றல்ல. தூண் இறக்கி, வளைய பீம் போட்டு, கல்லின் ஓட்டைகளுக்குள் கம்பி விட்டுக் கொங்கிறீற் நிரப்பினால் நிற்கும். அவ்வளவும் செய்யும்போது செலவு கொங்கிறீற் சுவருக்குக் கிட்ட வந்துவிடும்.

அதற்குள் பிளாஸ்ரிக் லைனர் விரிப்பது உலர்ந்த மேட்டுக்காணிக்கு நல்ல, மலிவான வழி. ஊற்று வரும் குழிக்கு ஆகாது. வெளித்தண்ணீர் லைனருக்குக் கீழே புகுந்து அதை மேலே ஊதிவிடும்.

பைபர் தடாகம் வேறு கதை. வார்த்து முடித்த கூடு ஏ9 வழியாக லொறியில் வந்து, கிரேனில் இறங்கி, சில நாட்களில் குளிக்கத் தயாராகிவிடும். உங்கள் ஒழுங்கையும் கேற்றும் அந்த லொறிக்குக் காணுமா என்று முதலில் அளந்து பாருங்கள். கூட்டின் எடை கொங்கிறீற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்பதால் மிதக்கும் ஆபத்து இதற்குத்தான் ஆகக் கூட. சுற்றிவரக் கொங்கிறீற் பட்டி போட்டுப் பிடிக்க வேண்டும். உள்ளே தண்ணீரும் வெளியே மணலும் அடிக்கு அடி ஒன்றாக ஏற வேண்டும். ஒரு நன்மை, பலர் யோசிக்காதது: பின்னாளில் கீறல் விழுந்தால் திருத்த ஆள் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் பைபர் படகு ஒட்டுகிறவர்களுக்கு அந்த ரெசின் வேலை கைவந்தது.

தண்ணீர் அல்லாத தடைகள்

வவுனியாப் பக்கம் ஊற்றுக்கு முன்னம் பாறை வரும். வெடி வைக்க அனுமதி வேண்டும், பக்கத்து வீட்டுச் சுவரும் வெடிக்கும். பெக்கோவில் பிரேக்கர் பூட்டி உடைப்பதே வழி. பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் தளம் போடுவதுதான் பெரிய ஆபத்து. மண்பக்கம் அமரும், பாறைப்பக்கம் அமராது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நேர்கோடாக வெடிக்கும். பாறையை ஓரடி கூடுதலாக உடைத்து, முழுக்குழிக்கும் ஒரே தடிப்பில் கிறவல் மெத்தை போடுங்கள். உயர்த்திக் கட்டினால் உடைக்கும் வேலையும் பாதியாகும்.

மன்னார்ப் பக்கத்து முருங்கன் கருங்களியில் மட்டும் என் தீர்ப்பு செல்லாது. கோடையில் கால் புகும் அளவுக்கு வெடித்து, மாரியில் ஊதிப் பெருக்கும் மண் அது. உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் தடாகத்தை அது அசைக்கும். சுற்றிவரவும் அடியிலும் களியை வெட்டி எறிந்து கிறவலால் நிரப்புவதா, காணியில் வேறு இடம் பார்ப்பதா என்பதே அங்கே கேள்வி. இடம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

புதுக்குடியிருப்பு முதல் முல்லைத்தீவுக் கரைவரை மணல். செங்குத்தாக வெட்டிய ஓரம் சொல்லாமல் சரியும். சாய்வாக வெட்டாத குழிக்குள் ஆளை இறக்கவேண்டாம். கடலுக்குக் கிட்ட அள்ளிய மணலைக் கொங்கிறீற்றுக்குச் சேர்க்கவேண்டாம், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

பெக்கோ வாளியில் இரும்புச் சத்தம் கேட்டால் ஒப்பரேற்றரை இறங்கச் சொல்லுங்கள். மிதிவெடி அகற்றி ஒப்படைத்த காணி என்பது மேல்மண்ணைப் பார்த்த காணி. ஐந்தாறு அடிக்குக் கீழே கிடக்கும் வெடிக்காத செல்லுக்கு அந்தக் கடதாசி பொறுப்பில்லை. தொடாமல், தூக்கிப் பார்க்காமல், பொலிசுக்கு அறிவியுங்கள்.

கட்டியபின் ஒழுகினால்

தண்ணீர் குறைந்தால் முதலில் ஆவியா, ஒழுக்கா என்று பிரிக்க வேண்டும். கோடை வெயிலில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாவது சாதாரணம். நமது தடாகத்தின் பரப்புக்கு அது 160 லீற்றர். ஒரு வாளியைத் தடாகத் தண்ணீராலேயே நிரப்பி, படியில் முக்கால்வாசி அமிழும்படி வையுங்கள். வாளிக்குள் ஒரு கோடு, தடாகச் சுவரில் ஒரு கோடு. ஒரு நாள் கழித்து இரண்டும் ஒரேயளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது. தடாகம் கூட இறங்கியிருந்தால் ஒழுக்கு. பம்ப் ஓடும் நாளில் ஒருமுறை, நிற்கும் நாளில் ஒருமுறை செய்யுங்கள். ஓடும்போது மட்டும் கூட இறங்கினால் பைப். இரண்டு நாளும் ஒரேயளவென்றால் பெரும்பாலும் சுவர் அல்லது தளம்.

நீர்தாங்கிக் கட்டுமானங்களுக்கு இங்குள்ள இன்ஜினியர்மார் நீண்ட காலம் கையாண்ட பிரித்தானியத் தரக்கோவை பி.எஸ். 8007. அதன்படி மெதுவாக நிரப்பி, கொங்கிறீற் ஊற ஒரு கிழமையாவது விட்டு, பிறகு ஒரு கிழமை அளக்க வேண்டும். ஆவியானதைக் கழித்த பிறகு, குறைவு தண்ணீர் ஆழத்தின் ஐந்நூறில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். 1.4 மீற்றருக்கு அது 2.8 மில்லிமீற்றர். ரைல்ஸ் ஒட்ட முன்னம் செய்யவேண்டிய சோதனை இது. ஒட்டியபின் ஒழுக்கைத் தேடுவது காசைத் தண்ணீரில் போடுவது.

திருத்தும் வழிகளில் மேசன்மாருக்குப் பிடித்தது முழுச்சுவருக்கும் சீமெந்துக் கரைசல் அடிப்பது. அடுத்த வருடம் திரும்பவும் அடிக்கவேண்டிவரும். 0.2 மில்லிமீற்றருக்கு உட்பட்ட மயிரிழை வெடிப்பென்றால் தண்ணீர் நிற்கவிட்டுப் பொறுங்கள். கொங்கிறீற்றின் சுண்ணாம்பு கரைந்து வந்து அதுவே அடைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டதை ஆப்பு வடிவில் வெட்டி அடைக்க வேண்டும், அல்லது ரெசின் ஏற்ற வேண்டும். பல இடத்தில் ஈரம் கண்டால் இரண்டு பொருள் கலந்து பூசும் நெகிழும் நீர்த்தடைப் பூச்சு. இதெல்லாவற்றுக்கும் முன்னம் பைப் சுவரைத் துளைக்கும் இடங்களையும் விளக்குக் குழியையும் தளமும் சுவரும் சேரும் மூலையையும் பாருங்கள். நான் பார்த்த ஒழுக்குகளில் அதிகமானவை அங்கேதான் இருந்தன, சுவரின் நடுவில் அல்ல.

மார்கழியில் ஒழுக்கு என்று கண்டுபிடித்துத் தடாகத்தை உடனே வெறுமையாக்க வெளிக்கிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நிலத்துக்குள் முழுதாகப் புதைந்த தடாகம் என்றால் அதைச் செய்யவே வேண்டாம். கிணற்று வளையத்தைத் திறந்து வெளித்தண்ணீரைப் பாருங்கள். தளத்துக்குக் கீழே அது இறங்கும்வரை, பங்குனியோ சித்திரையோ, ஒழுகட்டும் என்று விடுங்கள்.

கொந்தராத்து எழுதும்போது மூன்று வரி கூடுதலாகச் சேருங்கள். குழியில் பாறையோ ஊற்றோ வந்தால் கூடுதல் செலவு எந்த வீதத்தில், யார் தலையில் என்பது ஒன்று. ரைல்ஸ் வேலைக்கான தவணை தண்ணீர்ச் சோதனை தேறிய பிறகே என்பது இரண்டாவது. மொத்தத் தொகையில் பத்து வீதம் முதல் மாரி கழிந்து தை மாதத்தில் என்பது மூன்றாவது. மூன்றாவதுக்குக் கொந்தராத்துக்காரர் மெத்தப் பேரம் பேசுவார். ஐந்து வீதம்வரை இறங்கலாம். தை மாதத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.